போலீஸ் செட்டும் புளியந்தோப்பும்

புளியந்தோப்பு என்னும் பெயரைக் கேட்டதும் வெளியூர் வாசகர்களின் மனக்கண் முன்னே வரிசை வரிசையாகப் புளிய மரங்களும், அவற்றின் நிழலில் மாட்டை அவிழ்த்து விட்டுக் கட்டுச் சோறு உண்ணும் வண்டிக்காரர்களும் தோன்றக் கூடும். அந்த எண்ணத்துடன் யாரும் ரயில் ஏறி விட வேண்டாமென்று முன்கூட்டியே கேட்டுக் கொள்கிறோம். தோப்பு போய் எத்தனையோ காலமாகிறது. பெயர் மட்டும் புளியம்பழத்தின் ஓட்டைப் போல் ஒட்டியும் ஒட்டாமலும் நின்று கொண்டிருக்கிறது.

சென்னை சென்ட்ரலில் புறநகர் மின்சார ரயிலில் ஏறினால் முதலில் வரும் ஸ்டேஷன் பேசின் பிரிட்ஜ். எதிரே உட்கார்ந்திருப்பவரை "எந்த ஊருக்கு?" என்று விசாரித்து முடிப்பதற்குள் நாம் இறங்க வேண்டிய இடம் வந்து விடுகிறது. எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்டவாளங்கள். சற்றுத் தூரத்தில் பக்கிங்ஹாம் கால்வாய் கறுத்த ஜலத்துடன் அசையாமல் கிடக்கிறது. மேற்கேயிருந்து வரும் ஓட்டேரி நல்லாவும் இந்தப் பிரதேசத்தின் வழியாகத்தான் வந்து அந்தக் கால்வாயில் கலக்கிறது. இவ்விரு நீரோட்டங்களும் தங்களுக்குள் சச்சரவு செய்து கொள்ளும் காலங்களில், அதாவது ஐப்பசி கார்த்திகை மாதங்களில், நடுவே அகப்பட்டுக் கொள்வது புளியந்தோப்பு ஜனங்கள்தான். இந்த விஷயத்துக்குப் பிறகு வருவோம்.

நாம் அன்று அங்கே போனது ஒரு குரலைக் கேட்பதற்காக. நம்முடன் ஒரு நண்பர் வந்திருந்தார். பகலில் ஒரு காரியாலயத்தில் கணக்கு எழுதுகிறவர். இரவில் ஆகாயத்தோடு பேசுகிறவர். அதாவது, சர்க்கார் பரீட்சையில் தேறி, லைசென்ஸ் பெற்று, சொந்த ஆனந்தத்துக்காக ரேடியோ நிலையம் நடத்தும் "அமெச்சூர்" கூட்டத்தைச் சேர்ந்தவர். உலகமெங்கும் இவர்களை "ஹாம்" என்று செல்லமாக அழைக்கிறார்கள். இவர்கள் சம்பளம் வாங்குவதில்லை, பாட்டுப் போடுவதில்லை, விளம்பரம் செய்வதில்லை. "நான் பேசுவது கேட்கிறதா? எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது?" என்று ஒருவரையொருவர் விசாரித்துக் கொள்வதிலேயே இவர்களுடைய வாழ்க்கையின் பெரும் பகுதி கழிந்து விடுகிறது. வீட்டிலுள்ள ஸ்திரீகள் இதைப் பற்றி என்ன அபிப்பிராயம் கொண்டிருக்கிறார்கள் என்பதை நாம் விசாரிக்கவில்லை.

நண்பருடைய இடுப்பில் கறுப்புச் செங்கல் போன்ற ஒரு வஸ்து தொங்கிற்று. போக்குவரத்துப் போலீஸ்காரர் கையில் நாம் தினமும் பார்க்கிற அதே மாதிரிக் கை ரேடியோ. ஜனங்கள் வாக்கி டாக்கி என்று சொல்வது. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து பத்தடி நடப்பதற்குள் அதன் மகிமை நமக்குத் தெரிந்து விட்டது. நடைபாதையில் கொய்யாப்பழம் விற்றுக் கொண்டிருந்த ஒரு மூதாட்டி, நண்பரின் இடுப்பைப் பார்த்தாள். உடனே கூடையைத் தூக்கிக் கொண்டு சந்துக்குள் மறைந்தாள். இரண்டு ஆட்டோ டிரைவர்கள் வண்டியை ஒழுங்காக நிறுத்தினார்கள். நண்பர் முகம் சிவந்து போய்ச் செட்டைக் கழற்றிப் பைக்குள் போட்டுக் கொண்டார். "இதுதான் ஸார் இந்தச் செட்டில் உள்ள பெரிய சங்கடம்!" என்றார்.

"அப்படியானால் அமெச்சூர்களுக்கென்றே விற்கிற செட்டை வைத்துக் கொள்வதுதானே?" என்று கேட்டோம்.

அவர் நின்று, கையை நான்கு திசையிலும் காட்டினார். "இங்கே கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். தண்டவாளத்தில் ரயில் டிரைவரும் கார்டும் ரேடியோவில் பேசிக் கொள்கிறார்கள். கிழக்கே துறைமுகத்தில் கப்பல்கள் 156.8 மெகாஹெர்ட்ஸில் கூப்பிட்டுக் கொள்கின்றன. காசிமேட்டுப் படகுகளில் வேறு செட்டுகள். போலீஸ், தீயணைப்புப் படை, தொழிற்சாலைக் காவல்காரர்கள் என்று இன்னும் எத்தனையோ பேர். நம்முடைய அலை 144 முதல் 146 வரை. எல்லாம் பக்கத்துப் பக்கத்து வீடுகள். மலிவான செட்டுக்குக் காது மெல்லியது. பக்கத்து வீட்டில் உரக்கப் பேசினால் நம் வீட்டுப் பேச்சு அதற்குக் கேட்பதில்லை. போலீஸுக்கென்று செய்த செட்டு அப்படியல்ல. தனக்கு வேண்டிய குரலை மட்டும் பிடித்துக் கொண்டு மற்றவற்றை வாசலிலேயே நிறுத்தி விடும்."

கல்யாண வீட்டு இரைச்சலில் தன் குழந்தையின் அழுகையை மட்டும் தனியாகக் கேட்டு எழுந்து ஓடும் தாயை நாம் நினைத்துக் கொண்டோம். நல்ல ரேடியோவின் லட்சணமும் அதுவேதான் போலும்!

அதைத் தவிர, கீழே விழுந்தாலும் உடையாத கூடு, மழைத் தண்ணீர் புகாத மூட்டுக்கள், சந்தடியிலும் காதில் விழும்படியான பெரிய ஒலி, கையுறை போட்டுக் கொண்டும் திருப்பக்கூடிய குமிழ்கள் ஆகியவையும் இவ்வகைச் செட்டுகளுக்கு உண்டு. மணலியைப் போல் எண்ணெய் சுத்திகரிக்கும் இடங்களுக்கென்று, ஒரு பொறி கூட எழும்பாதபடி செய்யப்பட்ட தனி ஜாதியும் இருக்கிறது. தீயிலும் வெள்ளத்திலும் நின்று வேலை செய்கிறவர்களுக்காக உண்டானவை அல்லவா?

போலீஸ் ரேடியோவின் பூர்வோத்தரம் சுவாரஸ்யமானது. 1928-இல் அமெரிக்காவின் டெட்ராயிட் நகரத்துப் போலீஸார் மோட்டார் வண்டிகளில் ரேடியோ வைத்தார்கள். ஆனால் வண்டியிலிருப்பவர் கேட்கலாமே தவிர, பதில் சொல்ல முடியாது. கணவன்மார்களுக்கு இது பழக்கமான நிலைமைதான் என்றாலும், போலீஸுக்குப் போதவில்லை. 1933-இல் நியூஜெர்ஸியிலுள்ள பெயோன் நகரத்தில்தான் இரு தரப்பும் பேசக்கூடிய ஏற்பாடு வந்தது. இரண்டாவது உலக யுத்தத்தில் மோட்டரோலா கம்பெனியார் கையில் பிடித்துக் கொண்டு பேசும் செட்டைச் சிப்பாய்களுக்குச் செய்து கொடுத்தார்கள். யுத்தத்துக்குப் பின்பு போலீஸும் டாக்ஸிக்காரர்களும் புதிய செட்டுகளுக்கு மாறவே, கழித்துப் போட்ட பழைய செட்டுகள் மலைபோல் குவிந்தன. அமெரிக்க அமெச்சூர்கள் அவற்றை வாங்கி, தங்கள் அலைக்குத் தக்கபடி திருத்திக் கொண்டார்கள். மறுபடியும் 2013-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒவ்வொரு குரலுக்கும் உள்ள இடம் 25 கிலோஹெர்ட்ஸிலிருந்து பன்னிரண்டரையாகக் குறுக வேண்டும் என்று அந்நாட்டுச் சர்க்கார் கட்டளையிட்டபோது, குறுகத் தெரியாத பழைய செட்டுகள் இன்னொரு தடவை அமெச்சூர்களின் வாசலில் வந்து சேர்ந்தன.

இப்படிப் பேசிக் கொண்டே புளியந்தோப்பு நெடுஞ்சாலைக்கு வந்தோம். இந்தப் பேட்டைக்கும் போலீஸ் உடுப்புக்கும் ஒரு பழைய சம்பந்தம் உண்டு. இதை அடுத்துத்தான் பின்னி கம்பெனியாரின் பக்கிங்ஹாம் மில்லும் கர்நாடிக் மில்லும் இருந்தன. முன்னது 1876-லும் பின்னது 1881-லும் ஏற்பட்டவை. அந்த மில்லின் சாயம் போகாத காக்கித் துணி பெயர் பெற்றது. பட்டாளத்துக்கும் போலீஸுக்கும் உடுப்பாகிப் போன துணி அது. 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும் இந்த மில் தொழிலாளர்களைக் கொண்டுதான். ஸ்ரீ வாடியாவும் திரு. வி. க.வும் அவர்களிடையே நின்று பாடுபட்டார்கள். 1921-ஆம் வருஷத்து வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர்களே இரண்டு பட்டு, புளியந்தோப்பில் கலகம் மூண்டு, குடிசைகள் எரிந்தன. போலீஸார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தார்கள். பக்கத்து வீட்டுக்காரன் சொல்வது இவனுக்குக் கேட்காமலும், இவன் சொல்வது அவனுக்குக் கேட்காமலும் போனால் என்ன நேரும் என்பதற்கு அது ஓர் உதாரணம். 1996-இல் மில் நின்று போயிற்று. சங்கு ஊதிய இடத்தில் இப்போது அடுக்கு மாடி வீடுகள் எழுந்திருக்கின்றன.

பிரதான வீதியை விட்டு ஒரு சந்தில் திரும்பினோம். அங்கே ஒரு காயலான் கடை. பழைய மின்விசிறி, துருப்பிடித்த பற்சக்கரம், செப்புக் கம்பிச் சுருள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. கடை முதலாளியான பாய் நம்மை வரவேற்று, ஒரு கவிழ்த்த பெயிண்ட் டப்பாவை ஆசனமாக அளித்தார். அவருக்குப் பக்கத்தில் பதினைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். பக்கத்துத் தெருப் பிள்ளை, பத்தாவது படிக்கிறவன். பள்ளிக்கூடம் விட்டதும் பழைய மோட்டார்களைப் பொறுக்கிப் பிரித்துப் பார்ப்பதற்காகத் தினமும் இங்கே வருகிறவனாம். அன்று அவன் மடியில் இரண்டு கை ரேடியோக்கள் இருந்தன.

"மூடின பாக்டரி ஒண்ணுல இருந்து வந்த சரக்கு, ஸார். பாட்டரி கிடையாது. தம்பி ஒரு வாரமா இதையே சுத்திச் சுத்தி வர்றான். குடுங்க பாய், குடுங்க பாய்னு உசிரை வாங்கறான்" என்றார் கடைக்காரர்.

நண்பர் ஒரு செட்டை வாங்கிப் பாட்டரி இருந்த இடத்தைத் திருப்பிப் பார்த்தார். அங்கே சின்ன எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. படித்து விட்டுச் சிரித்தார்.

"தம்பி, இதில் என்ன போட்டிருக்கிறது, படி."

"146 டு 174 மெகாஹெர்ட்ஸ், ஸார்."

"அமெரிக்காவில் நம்மைப் போன்றவர்களுக்கு 144 முதல் 148 வரை கொடுத்திருக்கிறார்கள். அங்கே இந்தச் செட்டு உபயோகப்படும். நம் தேசத்தில் நமக்குக் கொடுத்திருப்பது 146-உடன் முடிந்து போகிறது. நம் வீடு முடிகிற இடத்தில் இந்தச் செட்டு ஆரம்பமாகிறது. என்னுடைய செட்டின் சீட்டைப் பார்: 136 முதல் 174 வரை."

பையனுடைய முகம் வாடிப் போயிற்று. ஆனாலும் விடவில்லை. "அதுக்குள்ள ஏற்கெனவே சானல் இருக்கும்ல, ஸார்? அதுலயே பேசினா என்ன?" என்று கேட்டான்.

நண்பர் சிறிது நேரம் அவனையே பார்த்தார். "எதற்காகத் தம்பி உனக்கு இது?" என்று கேட்டார்.

பையன் சொன்ன விவரம் இதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது அவர்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. விளக்கு அணைந்து போயிற்று. செல்போன் ஒரு நாள் தாங்கியது; அப்புறம் அதுவும் கையை விரித்து விட்டது. அவனுடைய அக்காவைத் திருவொற்றியூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவள் அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. இங்கே ஆயா சோறு தண்ணீர் இல்லாமல் "புள்ளைக்கு என்ன ஆச்சோ!" என்று அழுது கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் தண்ணீர் சற்று வடிந்ததும் அவனுடைய தகப்பனார் நடந்தே புறப்பட்டுப் போய்ப் பார்த்து விட்டு வந்தார். அக்கா சௌக்கியமாகவே இருந்தாள். இங்கே மூன்று நாள் அழுதது போல் அங்கே அவளும் மூன்று நாள் அழுது கொண்டிருந்தாளாம்.

"ரெண்டு பக்கமும் ஆளுக்கு ஒண்ணு வெச்சிருந்தா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல, ஸார்?" என்று பையன் முடித்தான்.

கடையில் இருந்த எல்லாரும் மௌனமாகி விட்டோம். காயலான் கடைச் சாமான்களுக்கு நடுவே இவ்வளவு நியாயமான ஒரு கேள்வி எழும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை.

நண்பர் பெயிண்ட் டப்பாவை அருகே இழுத்துப் போட்டுக் கொண்டு உட்கார்ந்தார். அவர் சொன்னதன் சாராம்சத்தை வாசகர்களுக்குத் தருகிறோம். வீட்டில் பிள்ளைகள் உள்ளவர்கள் இதைக் கவனித்துப் படிக்க வேண்டுகிறோம். ஏனெனில் இப்போதெல்லாம் இத்தகைய செட்டுகளைக் கண்ணால் பார்க்காமலே கம்ப்யூட்டர் மூலமாக வரவழைத்து விடலாம். விவரம் சொல்லாமல் விற்கிறார்கள் என்பதற்காகவே நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரிகள் 2025-இல் இணைய வியாபாரிகளுக்குத் தனி நெறிமுறைகள் வகுக்க வேண்டியதாயிற்று.

முதலாவது, நம் தேசத்தில் ரேடியோவில் பேசும் செட்டு எதுவானாலும் அனுமதி வேண்டும். 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டமும், 1933-ஆம் வருஷத்துக் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் ஏற்படுத்திய ஏற்பாடு இது. அவற்றின் இடத்துக்கென்று 2023-இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டது. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையில், குறைந்த சக்தியுள்ள கைச் செட்டுகளுக்கு 2018-இல் விலக்கு அளித்தார்கள். அது ஒரு திருவிழாக் கூட்டத்தில் குடும்பத்தார் பிரியாமலிருக்க உதவும், திருவொற்றியூருக்கு எட்டாது.

இரண்டாவது, கழித்த செட்டில் பழைய சானல்கள் இருந்தால் அவை இன்னொருவருடைய சொத்து. போலீஸோ, தீயணைப்புப் படையோ, யாருக்கு அந்த அலை கொடுக்கப்பட்டிருக்கிறதோ அவர்களே பேச வேண்டியது. ஆபத்துக் காலத்தில் ஒரு சிறுவன் விளையாட்டாகப் பொத்தானை அமுக்கிக் கொண்டிருந்தால், அந்த நிமிஷத்தில் எங்கேயோ ஒரு தீயணைப்பு வீரரின் குரல் அமுங்கிப் போகலாம். ஆகையால், இந்த மாதிரிச் செட்டு வாங்குகிற அமெச்சூர் செய்ய வேண்டிய முதல் காரியம், உள்ளே இருக்கும் சானல்களை எல்லாம் துடைத்தெறிவதுதான்.

மூன்றாவது, அந்தத் துடைக்கிற வேலையே லேசானதல்ல. வீட்டு ரேடியோவைப் போல் இதில் முள்ளைத் திருப்பி ஸ்டேஷன் மாற்ற முடியாது. ரோந்து செல்கிற போலீஸ்காரர் முள்ளைத் திருப்பிக் கொண்டிருக்கக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். அந்த மாதிரிச் செட்டுக்கே உரிய கம்பியினால் கம்ப்யூட்டரோடு இணைத்து, சானல் சானலாக எழுதி உள்ளே அனுப்ப வேண்டும். மிகப் பழைய செட்டானால், டாஸ் காலத்துப் பழங் கம்ப்யூட்டரைத் தேடிப் பிடிக்க வேண்டும். புதிய வேகமான யந்திரத்தோடு அது ஒத்துப் போகாது. நண்பர் ஒரு தடவை இந்தச் சடங்கை அவசரமாகச் செய்யப் போய், செட்டு இரண்டு மாதம் வாய் திறக்கவில்லையாம். பிறகு ஆகாயக் கம்பியையும் மாற்ற வேண்டும். போலீஸ் அலைக்கு என்று முறுக்கிய குட்டைக் கம்பி நம்முடைய அலையில் பாதிச் சக்தியைத் தின்று விடும். சுமார் அரை மீட்டர் நீளமுள்ள கம்பியே 145 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றது.

"இதெல்லாம் நான் கத்துக்கறேன், ஸார்!" என்றான் பையன்.

"கற்றுக் கொள்வாய், சந்தேகமில்லை. ஆனால் செட்டு இருந்து விட்டால் குரல் போய் விடும் என்று மட்டும் நினைக்காதே. வா, காட்டுகிறேன்" என்று நண்பர் எழுந்தார்.

திருவொற்றியூரில் இன்னோர் அமெச்சூர் இருக்கிறார். குறிப்பிட்ட நேரத்தில் தம் வீட்டுச் செட்டை வைத்துக் கொண்டு காத்திருப்பதாக வாக்களித்திருந்தார். நண்பர் சந்திலேயே நின்று, பையிலிருந்து செட்டை எடுத்து, பொத்தானை அமுக்கித் தம்முடைய அழைப்புக் குறியைச் சொல்லிக் கூப்பிட்டார். இந்திய அமெச்சூர்களின் குறி "வி.யூ." என்ற எழுத்துக்களில் ஆரம்பமாகிறது. பொத்தானை விட்டதும் "உஸ்ஸ்…" என்று இரைச்சல்தான் வந்தது. மறுபடியும் கூப்பிட்டார். மறுபடியும் இரைச்சல். இதற்குள் சந்திலுள்ள ஜன்னல்கள் ஒவ்வொன்றிலும் ஒரு தலை தோன்றி விட்டது. பையனுடைய ஆயாவும் வாசலில் வந்து நின்றாள்.

"இந்த அலை, வெளிச்சத்தைப் போல நேரே போகிற ஜாதி. வளைந்து போகத் தெரியாது. நாலு பக்கமும் சுவர் இருந்தால் சுவரோடு நின்று விடும். செட்டில் உள்ள சக்தி வெறும் 5 வாட்" என்றார் நண்பர்.

பையன் ஒரு கணம் யோசித்தான். பிறகு, "எங்க மாடிக்குப் போலாமா, ஸார்?" என்றான். நண்பர் நம்மைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

மூன்றாவது மாடியின் மேல்தளத்தில், துணி உலர்த்தும் கொடிகளுக்கு நடுவே போய் நின்றோம். வடசென்னை முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது. கிழக்கே துறைமுகத்தின் பாரந்தூக்கிகள். வடகிழக்கே புகை மூட்டத்துக்குள் எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கிகள். நண்பர் கம்பியை நிமிர்த்திப் பிடித்துக் கூப்பிட்டார். பொத்தானை விட்ட மறு விநாடியே, பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல் ஒரு குரல் வந்தது. குரல் தெளிவாகக் கேட்கிறதென்றும், திருவொற்றியூரில் மேகம் கறுத்திருக்கிறதென்றும், காற்று கடலிலிருந்து வீசுகிறதென்றும் சொல்லிற்று.

ஆயா மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்து சேர்ந்தவள், அந்தக் குரலைக் கேட்டு விட்டு, "இது எந்தூருப்பா?" என்றாள்.

"அக்கா ஊரு, ஆயா."

கிழவி வேறொன்றும் கேட்கவில்லை. வடக்கே திரும்பிக் கொஞ்ச நேரம் நின்று கொண்டிருந்தாள்.

கீழே இறங்கி வரும்போது நாம் நண்பரைக் கேட்டோம்: "பேரிடர்க் காலத்தில் உங்களைப் போன்றவர்களை யார் மதிக்கிறார்கள்? சர்க்காரிடமே இவ்வளவு சாதனங்கள் இருக்கின்றனவே?"

அவர் 2004 டிசம்பர் 26-ஆம் தேதியை நினைப்பூட்டினார். சுனாமி வந்த அன்றைக்கு, தில்லியைச் சேர்ந்த ஸ்ரீமதி பாரதி பிரஸாத் என்னும் அமெச்சூர் அம்மணி தம் குழுவினருடன் போர்ட் பிளேரில் இருந்தார். அந்தமானிலிருந்து உலகத்து அமெச்சூர்களோடு பேசுவதற்காகப் போனவர். மற்றத் தொடர்புகள் அறுந்த வேளையில், அவர்களுடைய நிலையத்தின் வழியாகத்தான் தீவுகளிலிருந்து க்ஷேமச் செய்திகள் பிரதான பூமிக்கு வந்து சேர்ந்தன. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும் இவ்வூர் அமெச்சூர்கள் உதவிக்கு வந்தார்கள். சாதாரணக் காலத்தில் பிறருக்காகத் தூது சொல்ல இவர்களுக்கு உரிமையில்லை. ஆனால் இயற்கையின் சீற்றத்தினால் மற்ற வழிகள் அடைபடும்போது விதிகளே அதற்கு இடம் கொடுக்கின்றன.

சென்னைப் பட்டணத்துக்கு இதில் ஒரு விசேஷப் பாத்தியதையும் உண்டு. ஆல் இந்தியா ரேடியோ பிறப்பதற்கு முன்பே, 1924 ஜூலை 31-ஆம் தேதியன்று இந்த நகரத்தில் ஒலிபரப்பை ஆரம்பித்தது ஸ்ரீ சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் நண்பர்களும் சேர்ந்து அமைத்த சென்னை மாகாண ரேடியோ கிளப்தான். பணமின்மையால் 1927-இல் அது ஓய்ந்தது. அவர்களுடைய யந்திரத்தைப் பெற்றுக் கொண்டு 1930-இல் நகரசபை அந்தப் பணியைத் தொடர்ந்தது. 1938 ஜூன் 16-இல் சர்க்கார் வானொலி நிலையம் ஏற்படும் வரையில் அது நடந்து வந்தது. பிறகு 1939-இல் யுத்தம் மூண்டதும் அந்நிய சர்க்கார் அமெச்சூர்களின் வாயைக் கட்டி, செட்டுகளை ஒப்படைக்கச் சொல்லிற்று. ஆயினும் 1942-இல் பம்பாயில் ஸ்ரீமதி உஷா மேத்தாவும் தோழர்களும் 42.34 மீட்டரில் "காங்கிரஸ் ரேடியோ" நடத்தியபோது, அதற்கு யந்திரம் அமைத்துத் தந்த கையும் பழைய அமெச்சூர் ஒருவருடையதுதான். அன்று சட்டத்தை மீறியது தேச சேவை. நம்முடைய சட்டத்தை நாமே இயற்றிக் கொள்ளும் இன்றைக்கு, அதை அறிந்து, பரீட்சை எழுதி, முறையாகக் குரல் கொடுப்பதுதான் தேச சேவை.

போலீஸ் செட்டுக்கும் அமெச்சூர் கையிலுள்ள அதே செட்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசமும் இங்கேதான் இருக்கிறது. போலீஸ் செட்டில், பிறர் கேட்டால் விளங்காதபடி பேச்சைக் குழப்பி அனுப்பும் பொறி வைப்பதுண்டு. அவர்களுக்கு அது அவசியம். அமெச்சூருக்கு அது கூடாது. அவர் பேசுவதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம்; கேட்டுப் புரிந்து கொள்ளலாம். மறைப்பதற்கு என்று செய்த கருவியை மறைவில்லாத பேச்சுக்கு உபயோகிப்பது ஒரு நல்ல பரிவர்த்தனை என்று நமக்குத் தோன்றியது. காக்கி நெய்த பேட்டையில் இந்த மாற்றத்தைப் பார்த்தது நமக்குப் பின்னும் திருப்தி அளித்தது.

கடைக்குத் திரும்பியதும் நண்பர் பாயிடம், "இந்த இரண்டையும் யாருக்கும் கொடுத்து விடாதீர்கள். விற்பவருக்கும் லைசென்ஸ் வேண்டும்" என்றார். "நமக்கு எதுக்கு ஸார் வம்பு? பிரிச்சு ஈயம் வேற, செம்பு வேறன்னு போட்டுடறேன்" என்று பாய் ஒப்புக் கொண்டார்.

பையன் கடைசியாக ஒரு கேள்வி கேட்டான்: "பரீட்சைக்கு எத்தனை வயசு ஆகணும், ஸார்?"

"அமெச்சூர் விதிகளில் பன்னிரண்டு என்று போட்டார்கள். உனக்கு அதற்கு மேலேயே ஆகிறதே!"

பையன் பாயின் கணக்குப் புஸ்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, நண்பர் சொல்லச் சொல்லப் பாடங்களை எழுதிக் கொண்டான்: மின்சாரம், காந்தம், அலை, ஆகாயக் கம்பி, சட்ட திட்டம். ஆரம்பத் தரத்துக்கு மோர்ஸ் தந்தி பாஷை வேண்டியதில்லை என்று கேட்டதும் அவனுக்குச் சந்தோஷம் ஏற்படும் என்று எதிர்பார்த்தோம். அவனோ, "அதையும் கத்துக்கிட்டா என்ன, ஸார்?" என்றான். "பத்தாவது பரீட்சையை முதலில் முடி தம்பி" என்றார் பாய். தாள் கிழிபட்ட வருத்தம் அவருக்கு இன்னும் தீரவில்லை.

பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது வடக்கே மின்னிற்று. தூறல் ஆரம்பித்தது. நண்பர் பையிலிருந்து செட்டை எடுத்துக் கையில் வைத்துக் கொண்டார். மழைத் துளிகள் அதன் மேல் விழுந்து வழிந்தன. அது அவற்றை லட்சியம் செய்யவில்லை. சந்தில் இருந்த அந்த மாடி இங்கிருந்து தெரிகிறதா என்று நாம் எட்டிப் பார்த்தோம். கொடியில் இருந்த துணிகளை யாரோ அவசரமாக எடுத்துக் கொண்டிருந்தார்கள்.

"அந்த மாடி நல்ல உயரம். ஒரு கம்பி நட்டால் எண்ணூர் வரையில் கூட எட்டும்" என்று நண்பர் தமக்குத் தாமே சொல்லிக் கொண்டார்.